சுகம் கிடைத்ததாகச் சொன்ன சாட்சி

என் மகளைப் பத்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் பார்க்க ஸ்கேலால் அடித்திருக்கிறேன். அவள் செய்த குற்றம், கூப்பிட்டதும் எழுந்து நிற்காமல் சற்று நேரம் எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு அடி என்றால் அவளுக்கு இரண்டு. கையை நீட்டினாள், வாங்கிக்கொண்டாள், உட்கார்ந்தாள். அழவில்லை. அழாததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் நடந்தது. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. நானும் மனைவியும் அவளும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் வீட்டுக்குள் கத்திப் பேசியே எங்களுக்குப் பழக்கம். மகளுக்கும் கணீரென்ற குரல். சின்ன வயதில் அவள் ஓயாமல் பேசுவாள். என் நடையை, நான் சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதை, எல்லாம் நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பாள்.

அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு பையன் முகத்தைப் பார்த்தே அவன் வீட்டுக் கணக்கைச் சொந்தமாகப் போட்டானா, காப்பியடித்தானா என்று சொல்லிவிடுவேன் என ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

நான் பார்த்தது வேறு. பொழுது விடிவதற்கு வெகுமுன்பே அவள் எழுந்து, விளக்கைப் போட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புரண்டு படுக்கும்போது பார்ப்பேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆசிரியர் அறையில் சொன்னேன்: "எங்க வீட்டுப் பிள்ளைய நான் எழுப்பி விடவே வேண்டாம். மூணரை மணிக்கெல்லாம் படிக்க உக்காந்திருதா." மூன்று வாரமாக அவள் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. தூக்கம் வராமல்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள்கூட நான் போய் அது எந்தப் பாடம் என்று எட்டிப் பார்க்கவில்லை.

மார்க் சரிந்தது. தலை சீவுவதற்கு அம்மா நான்கு முறை கூப்பிட வேண்டியிருந்தது. மீன் குழம்பு என்றால் தட்டை வழித்துத் தின்கிறவள், இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவாள். "வயசுப் பிள்ள, அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் மனைவி. "கொழுப்பு" என்றேன் நான். அவளுக்கு நான் வைத்த பெயர்கள் பல. சோம்பேறி, மந்தம், மண்ணு. இதையெல்லாம் நான் வீட்டில் மட்டும் சொல்லவில்லை, கரும்பலகைக்கு முன்னால் நின்றும் சொன்னேன்.

கண்டுபிடித்தது நான் இல்லை, தையல் டீச்சர். ஒரு நாள் மத்தியானம் பள்ளி வராந்தாவில் என்னை நிறுத்தினார்கள்.

"சார், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. பிள்ள ஊசில நூலக் கோத்துட்டு அப்பிடியே கையில வச்சுக்கிட்டு இருக்கா. பீரியடு முடியுத வரைக்கும். ஒரு கைக்குட்டைக்கு ஓரம் அடிக்க ஆரம்பிச்சு ஒன்றர மாசம் ஆச்சு."

"சோம்பேறித்தனம் டீச்சர். ரெண்டு போடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"சோம்பேறிப் பிள்ள பக்கத்துல உள்ளதுகிட்ட வாயடிச்சுக்கிட்டு இருக்கும் சார். இவ ஒண்ணுமே செய்ய மாட்டேங்கா. நேத்து ஊசி விரல்ல ஏறி ரத்தம் வருது, அதக்கூட குனிஞ்சு பாக்கல. எந் தம்பி இப்பிடித்தான் இருந்தான்."

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவர்கள் முகத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வாத்தியார் குரலை இறக்கி வைக்க எனக்கு அப்போதும் தெரியவில்லை. "என்னட்டி உனக்கு? வாயத் தெறந்து சொன்னாத்தான தெரியும்" என்று அதட்டினேன். தரையைப் பார்த்தபடி, "தெரியலப்பா. நெஞ்சுல ஈரச் சாக்கத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கு. எந்திரிக்க முடியல" என்றாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளூர் டாக்டர் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்து ரத்தம் கம்மி என்றார். டானிக் பாட்டில் காலியானதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுத் தறிக்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மனைவியிடம் சொன்னார்கள்: "அம்மன் சன்னதில சக்கரக் குழி இருக்குல்லா, அங்கன கொண்டு உக்கார வையுங்க மதினி. எங்க கொழுந்தியா ஒரு மண்டலம் உக்காந்துதான் தேறுனா." மனசு சரியில்லாதவர்களை அம்மன் முன்னால் இருக்கும் அந்தக் குழியில் உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டி வருவார்கள். நான் முகத்தைச் சுளித்தேன். நாங்கள் மூன்று தலைமுறையாகப் படித்த கிறிஸ்தவர்கள், இதெல்லாம் எங்களுக்கு ஒத்து வராது என்று மனைவியிடம் நீட்டி முழக்கினேன். அந்தக் கொழுந்தியாள் குழியிலும் உட்கார்ந்தாள், கூடவே டாக்டர் கொடுத்த மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கினாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடல அண்ணாச்சி" என்று அந்த அம்மாவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். படித்தவன் என்று மார் தட்டிய எனக்குத்தான் அந்த அறிவு இல்லாமல் போயிற்று.

பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். தெருவில் கேட்டவர்களிடம், பிள்ளைக்குக் கண் டெஸ்ட் என்று சொல்லி வைத்தோம். அடுத்த வாரமே, கண்ணாடி எங்கே என்று கேட்டார்கள். பவர் வரவில்லையாம் என்றேன். மறுபடியும் எதற்குப் போகிறீர்கள் என்றார்கள். பவர் வருகிறதா என்று பார்க்க என்றேன். பொய்யில் நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அப்போது பழகித்தான் பிறகு பெரிதாகச் சொல்லத் துணிந்தேன் போலிருக்கிறது.

டாக்டர் வயதானவர். என்னிடம் ஒன்றும் கேட்காமல் அவளிடம்தான் கேட்டார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்றதும், "ஒரு மாசமாத்தான் டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். "தை மாசத்துல இருந்து" என்றாள் அவள். அது ஐப்பசி. ஒன்பது மாதம் ஒரே வீட்டில், ஒரே தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் இருந்திருக்கிறோம். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்து, வெளியே உட்காரச் சொன்னார்.

பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். இது சோம்பேறித்தனம் இல்லை, வயசுக் கோளாறும் இல்லை, மஞ்சள் காமாலை மாதிரி இதுவும் ஒரு நோய் என்றார். செத்துப் போனால் நல்லது என்று அவளுக்கு அடிக்கடி தோன்றுகிறது என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை எழுதினார். "மொத ரெண்டு மூணு வாரம் நல்லது ஒண்ணும் தெரியாது, தொந்தரவு மட்டும்தான் தெரியும். நாக்கு வறளும், மலம் இறுகும், எந்திரிச்சா தலை சுத்தும், கை லேசா நடுங்கும். பயந்து நிறுத்திராதீங்க. நல்லாயிட்டான்னு தோணினாலும் நிறுத்தாதீங்க. நிறுத்தணும்னா நான் கொஞ்சங் கொஞ்சமா கொறச்சுத்தான் நிறுத்துவேன். மாத்திரை உங்க பூட்டுல இருக்கட்டும். உங்க கையால கொடுங்க, முழுங்குறதைக் கண்ணால பாருங்க." இத்தனையும் அவர் ஒரு முறைக்கு இரு முறை சொன்னார். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது என்று நான் பின்னால் சொல்ல முடியாது.

அவர் சொன்னபடியே நடந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று தண்ணீர்ப் பாட்டிலோடே அலைந்தாள். நோட்டில் எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. படுக்கையிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இருந்த பிள்ளையும் கெட்டுப் போச்சே, இதெல்லாம் வேண்டாம்" என்று மனைவி அழுதாள். எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு என்று அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன்.

நான்காவது வாரம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளினாள். "என்னம்மா கொழம்பு இது? உப்பே இல்ல. மனுசன் திம்பானா?" என்று கத்தினாள். தறிச் சத்தத்தையும் மீறி அந்தப் பழைய குரல் கேட்டது. மனைவி உப்பு ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று அழுதாள். ஒரு பிள்ளை குழம்பைக் குறை சொன்னதற்காக எந்த வீடும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்காது. அன்று நான் மூன்று முறை உப்புப் போட்டுச் சாப்பிட்டேன்.

மார்கழிக்குள் அவள் பாதிக்கு மேல் தேறிவிட்டாள். தூக்கம் வந்தது. தலையைத் தானே சீவிக்கொண்டாள். ஆனால் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. சபையைச் சேர்ந்த ஒருவர் எங்களைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறார், எந்த டாக்டருடைய வராந்தா என்றும் பார்த்திருக்கிறார். வாத்தியார் மகளுக்கு மூளைக் கோளாறாம் என்று காதோடு காதாகப் போயிற்று. "நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவானா?" என்று மனைவி ராத்திரி பகலாக அரித்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு என் மரியாதைதான் பெரிதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வாத்தியார்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

தை மாதம் எங்கள் ஆலயத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. எங்களவர்கள் ஆலயத்தையும் கோயில் என்றும், குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வோம். பண்டிகையன்று சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தெல்லாம் சபையார் வருவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, புளியங்குடி எலுமிச்சை என்று அவரவர் விளைச்சலை முன்னால் கொண்டு வைப்பார்கள். அந்த வருஷம் தேவன் செய்த நன்மையைச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் எழுந்து மைக்கில் சொல்லலாம். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சி சொன்ன குடும்பத்தைப் பற்றி அப்புறம் யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். பேசினால் அது தேவனுக்கு விரோதம்.

இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் நான் எழுந்தேன். பிள்ளைக்குச் சரீரத்தில் பலவீனம் வந்தது, டாக்டர்கள் கைவிட்டார்கள், எந்த மருந்தும் கேட்கவில்லை, நானும் என் மனைவியும் நாற்பது நாள் முழங்காலில் நின்றோம், ஒரு மாத்திரை இல்லாமல் ஆண்டவர் தொட்டுச் சுகமாக்கினார் என்று சொன்னேன். எனக்கு மேடை கிடைத்தால் விட மாட்டேன். சரியான இடத்தில் குரலும் தழுதழுத்தது. ஜெபித்தோம் என்பது பொய் இல்லை. நாற்பது நாளும், மாத்திரை இல்லாமல் என்பதும் பச்சைப் பொய். அன்று காலை ஆலயத்துக்குக் கிளம்புமுன் அலமாரியைத் திறந்து என் கையால்தான் அவளுக்கு மாத்திரை கொடுத்திருந்தேன்.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சபை முழுதும் சொன்னது. பெண்கள் பக்கத்தில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்த மகள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். லேசாக நடுங்கிக்கொண்டிருந்த கையை இன்னொரு கையால் மூடினாள். வெளியே வந்ததும் ஐயர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். பேச்சை மாற்றிய அந்த இரண்டு வாத்தியார்களில் ஒருவர், கண் கலங்கிப் போய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதே மைக்கில் நின்று இதைத் திருத்திச் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, அப்ப அந்த மாத்திர?"

"அது பாட்டுக்கு அது நடக்கட்டும். வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றேன். தலையை ஆட்டினாள்.

அன்று ராத்திரியிலிருந்து அவள் மாத்திரையை விழுங்கவில்லை. வாயில் போட்டு, என் முன்னால் தண்ணீர் குடித்து, உள்ளே போய் எடுத்துவிடுவாள். முதல் வாரம் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள், தூக்கம் கெட்டது. பண்டிகைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். மாசி பிறந்தபோது பழையபடி மூன்றரை மணிக்கு விளக்கு எரிந்தது. பேச்சு குறைந்தது, பிறகு இல்லை. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? பரீட்சைக்குப் பயந்து நடிக்கியா?" என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்ட பிறகும் என் வாயில் அதுதான் வந்தது. பொழுது போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பையனுக்கு வட்டம் போட்டுக் காட்ட காம்பஸ் தேடினேன். மகளின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். பாகைமானிக்குக் கீழே மாத்திரைகள். வாயில் ஊறி, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மாத்திரையைப் பூட்டி வைக்க வேண்டும் என்று டாக்டர் எதற்குச் சொன்னார் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் படுத்திருந்த இடத்துக்குப் போனேன்.

"ஏட்டி, என்ன இது? ஏன் முழுங்கல?"

எழுந்து உட்கார்ந்தாள். "கீழ போட மனசு வரலப்பா. நீங்க அலைஞ்சு வாங்கிட்டு வந்தது."

"அதக் கேக்கல. முழுங்காம ஏன் வச்சே?"

"நீங்க கோயில்ல அப்பிடிச் சொல்லிட்டியல்லா. நான் முழுங்குனா நீங்க சொன்னது பொய்யாயிருமே."

வாசலில் நின்ற மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாற்பது பேர் முன்னால் அடித்த அப்பன் பொய்யனாகிவிடக் கூடாது என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன்னைத் திரும்ப அந்த ஈரச் சாக்குக்கு அடியில் கொண்டு போய்ப் படுக்க வைத்திருக்கிறது. நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். "சரி, சரி, இனிமே முழுங்கு" என்றேன்.

மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போனோம். டாக்டருக்குக் கடுங்கோபம். "யாரு நிறுத்தச் சொன்னது?" என்று மேஜையைத் தட்டினார். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். "நாங்க ஒழுங்காத்தான் குடுத்தோம் டாக்டர். பிள்ளதான் எங்களுக்குத் தெரியாமத் துப்பிட்டா" என்றேன். சொல்லுக்குச் சொல் உண்மை. டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆமா டாக்டர்" என்றாள். எதற்காகத் துப்பினாய் என்று கேட்டதற்கு, "கசந்துச்சு" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ் பனவடலிசத்திரத்தில் நின்றது. நல்ல வெயில். தன் தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நீட்டி, "குடிங்கப்பா, வேர்க்கு உங்களுக்கு" என்றாள். வாங்கிக் குடித்தேன்.

இரண்டாவது முறை தேறுவதற்கு முதல் முறையைவிட நாளானது. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது, அவள் போகவில்லை. பள்ளியில் டைபாய்டு என்று சொன்னேன். அவள் அடுத்த வருஷம் எழுதித் தேறினாள், மேலே படித்தாள், இன்று தன் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறாள். கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டால் அவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு வேறு பேசப் போய்விடுவார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அது இல்லை, அந்தச் சித்திரை மாதத்து மத்தியானம்.

மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். எங்கள் சபைதான், பண்டிகைக்கு மட்டும் பார்க்கிற முகம். புருஷன் இல்லை, கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரே மகன், பதினேழு வயது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்கள்.

"சார்வாள், எம் மவன் தூங்க மாட்டேங்கான், திங்க மாட்டேங்கான், படிப்ப விட்டுட்டுச் செவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கான். தை மாசம் எங்கண்ணன் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவலாம்னு கெளம்பி வந்தான். அந்த ஞாயித்துக்கெழமதான் நீங்க சாட்சி சொன்னிய. ஊருக்குள்ள பேசிக்கிட்டத வச்சு உங்க பிள்ளைக்கு இருந்தது இதுதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. படிச்ச சார்வாளே மருந்து இல்லாமச் சொகமாக்கிட்டாவ, நாம ஏன் போவணும்னு அண்ணனத் திருப்பி அனுப்பிட்டேன். மூணு மாசமா வெள்ளிக்கெழமதோறும் பச்சத் தண்ணி குடிக்காம ஜெபம் பண்ணுதேன். ஒண்ணும் கேக்கல. நான் எங்க கொற வச்சேன்னு தெரியல. நீங்க எப்பிடி ஜெபம் பண்ணிய? எனக்குச் சொல்லிக் குடுங்க சார்வாள்."

உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் ஒருத்தனுக்கு அமையாது. "விசுவாசம்தாம்மா முக்கியம்" என்று நான் ஆரம்பித்தேன். "கர்த்தருடைய வேளை வரணும்..."

உள்ளேயிருந்து மகள் வந்தாள். ஒரு கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு கையில் அம்மாவை அலமாரியைத் திறக்கச் சொல்லி வாங்கிய மாத்திரை. அது மாத்திரை போடுகிற நேரம் இல்லை. அந்த அம்மாவுக்கு நேரே நின்று மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள்.

"சித்தி, இது அந்த வியாதிக்குத்தான். ஐப்பசில இருந்து சாப்பிடுதேன். நடுவுல நிறுத்திட்டேன், பழையபடி வந்துட்டு. இப்ப மறுபடியும் சாப்பிடுதேன். ஜெபமும் பண்ணுதேன். உங்க வீட்டு அண்ணன அந்த டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போங்க."

அந்த அம்மா அவளைப் பார்த்தார்கள், டம்ளரைப் பார்த்தார்கள், என்னிடம் திரும்பினார்கள். "அப்ப சார்வாள் கோயில்ல சொன்னது?"

நான் மகளைப் பார்த்தேன். ஒருமுறை மாத்திரையைத் துப்பி என்னைக் காப்பாற்றினாள், இன்னொரு முறை டாக்டர் முன்னால் பழியை வாங்கிக்கொண்டு காப்பாற்றினாள். மூன்றாவது முறையும் ஏதாவது சொல்வாள் என்றுதான் காத்திருந்தேன், அதை மறைத்து என்ன பயன்? அவள் முகத்தில் கோபம் இல்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு, நான் பதில் சொல்வதற்காக நின்றாள்.

"நான் சொன்னது பொய்ம்மா" என்றேன்.

"எதுக்கு சார்வாள்?"

"ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு."

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். "மூணு மாசம் போச்சே" என்று மட்டும் சொன்னார்கள். எனக்குச் சொன்னது போலவும் இல்லை. மனைவி கொண்டு வைத்த காப்பியை அவர்கள் தொடவில்லை.

மகள் என் மேஜையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, டாக்டர் இருக்கும் இடம், எந்தெந்தக் கிழமையில் பார்ப்பார், எந்தப் பக்கத்து வாசலில் சீட்டு வாங்க வேண்டும் என்று எழுதினாள். கை நடுக்கத்தில் எழுத்து மேலும் கீழும் போயிற்று. அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க சித்தி, பஸ் ஏத்தி விடுதேன்" என்றாள். பள்ளிக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர ஏழெட்டு மாதமாக அவள் தானாக வாசல் படியைத் தாண்டியதில்லை.

நானும் எழுந்து சட்டையை எடுத்தேன். "நானும் வாரேன்" என்றேன்.

"நீங்க இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெயிலில் இறங்கிப் போனாள்.